ஓடெல் பெட்வேயைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் பேசுகிறேன்

மேடையில் வீற்றிருக்கும் ஆஷ்பி கல்லூரித் தலைவர் அவர்களே, ஜெபம் செய்து இந்தக் கூட்டத்தைத் தொடங்கி வைத்த போதகர் அவர்களே, முன்வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் ஓடெலின் துணைவியார் திருமதி எர்லீன் பெட்வே அவர்களே, மிசிசிப்பியின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெட்வேயின் ஓட்டக்காரப் பிள்ளைகளே, நான் இந்த மேடையை நோக்கி நடந்து வந்தபோது "இந்தாளு எதுக்கு இங்க வந்தான்?" என்று கிசுகிசுத்த ஆஷ்பி ரசிகப் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் என் தாழ்மையான வணக்கம்.

நல்ல கேள்வி. இந்தாள் எதற்கு இங்கே வந்தான்?

நான் கிளைட் மெரிவெதர். இருபத்தெட்டு ஆண்டுகள் டாலிவர் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ரன்னிங் பேக்குகளைத் தேடிச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தவன். பந்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, பதினொரு பேர் தன்னைத் தரையில் சாய்க்கப் பாய்ந்து வரும்போது, கண்ணுக்கே தெரியாத ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்து ஓடுகிறானே ஒருவன், அந்த ஓட்டக்காரனைக் கண்டெடுத்து ஆளாக்குவதுதான் என் பிழைப்பு. ஓடெல் பெட்வேயின் பிழைப்பும் அதுதான். அறுபது மைல் தள்ளி, எதிரணியில்.

சென்ற வாரம் திருமதி எர்லீன் என்னோடு தொலைபேசியில் பேசினார். "கிளைட், கூட்டத்துல நீங்க பேசணும்" என்றார். "அம்மா, நான் அவரோட எதிரி. அவர் கூட வேல பாத்தவங்க, அவர் வளத்த பசங்க எத்தன பேர் இருக்காங்க?" என்றேன். "அவங்க எல்லாரும் அவர் மேல பாசமா இருந்தாங்க. பாசமா இருக்கிறவங்க யாரும் சரியாப் பாக்கறதில்ல. நீங்கதான் இருபத்தெட்டு வருஷமா அவர் மேல வெச்ச கண்ண எடுக்காம இருந்தீங்க" என்றார்.

அந்த அம்மாள் சொன்னது முழு உண்மை. அவையோரே, நான் இன்றைக்கு உங்களிடம் எதையும் மறைக்கப்போவதில்லை. இந்த அரங்கத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? நாற்காலிகளை எண்ணினேன். பின்வரிசையில் நிற்பவர்களையும் எண்ணினேன். நான் செத்தால் இதில் பாதிப் பேராவது வருவார்களா என்று மனக்கணக்குப் போட்டேன். வரமாட்டார்கள்! சவப்பெட்டிக்குள் போன பிறகும் இந்த மனிதர் என்னை ஜெயித்துவிட்டாரே என்று வயிறு எரிந்தது. அப்படிப்பட்டவன்தான் இப்போது உங்கள் முன்னால் நின்று அவரைப் புகழப்போகிறான்.

யார் அந்த ஓடெல் பெட்வே? ஒரு பையனை ஓடவிட்டு அவன் கால்களைப் பார்க்கிறவர்கள் நாங்கள். அவர் இடுப்பைப் பார்த்தார். "காலு பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது" என்பார். புதிதாக வந்த பையன்களை மைதானத்தில் இறக்கமாட்டார். கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் பைன் தோப்பில், மரங்களுக்கு நடுவே ஓடவிடுவார். "மரம் உனக்காக நகராது ராசா. நீதான் நகரணும்." அந்தத் தோப்பில் ஒரு பருவம் ஓடியவனை எந்தத் தடுப்பாட்டக்காரனாலும் நேராகப் பிடிக்க முடியாது.

கேள்விப்பட்டதும் நான் என்ன செய்தேன்? எங்கள் ஊரில் தோப்பு இல்லை. மைதானத்தில் நாற்பது மரக்கம்பங்களை நட்டேன். முதல் நாளே எங்கள் பையன் ஒருவன் மூக்கை உடைத்துக்கொண்டான். கம்பங்களைப் பிடுங்கச் சொல்லி உத்தரவு வந்தது. பெட்வே திங்கள்கிழமைதோறும் தன் பையன்களின் தாய்மார்களுக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதுவார். நானும் எழுதினேன். அதாவது, அலுவலகப் பெண்ணைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். எல்லோருக்கும் ஒரே கடிதம். ஒரு தாய் பதில் போட்டார்: "கோச், என் மகன் பெயர் டேரியன் இல்லை."

சிரியுங்கள். அவருக்கும் சிரிப்புப் பிடிக்கும். ஆனால் இனி நான் சொல்லப்போவது சிரிப்புக்குரியதல்ல. பதினேழு ஆண்டுகளாக என் வாயிலிருந்து வராத சொல் அது.

லோனி காஸ்டனை உங்களுக்குத் தெரியும். இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். பெட்வேயின் இடத்தில் இப்போது உங்கள் ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். ஆனால் லோனியை முதலில் பார்த்தது யார்? நான்! பெல்ஃபோர் என்ற சிற்றூரில், மழைச் சேற்றில், பத்தாம் வகுப்புப் பையனாக அவன் ஓடியதைப் பார்த்தவன் நான். இரண்டு ஆண்டுகளில் பதினான்கு முறை அந்த வீட்டுக்குப் போனேன். அவன் தாய் வெர்னெல் அம்மாள் பொரித்த கெளுத்தி மீனையும் சோள ரொட்டியையும் தின்று எனக்குத் தொந்தியே விழுந்தது. "முதல் வருஷமே உங்க மகன் கையில பந்து இருக்கும். முதல் ஆட்டத்துலயே இறங்குவான்" என்று வாக்குக் கொடுத்தேன். பதினான்கு முறையும் கொடுத்தேன்.

பெட்வே ஒரே ஒரு முறை போனார். என்ன சொன்னார்? "அம்மா, உங்க மகன் எப்பவும் வலது கையிலயேதான் பந்த வெச்சிருக்கான். எங்கிட்ட வந்தா முதல் வருஷம் ஆட்டத்துல எறக்கமாட்டேன். உக்காந்து கத்துக்கட்டும்" என்றார். அந்தத் தாய் யாரைத் தேர்ந்தெடுத்தார்? உட்கார வைப்பேன் என்றவரை! என்னிடம் சொன்னார்: "கோச், நீங்க நல்லவருதான். ஆனா நீங்க என் மகன் ஓடறதப் பாக்கறீங்க. அவரு என் மகனப் பாக்கறாரு."

அன்று காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் குத்தினேன். கை வீங்கியது. பொறாமை என்பது மனத்தில் இருப்பது என்று சொல்கிறார்கள். இல்லை. அது தொண்டையில் இருக்கிறது. தண்ணீர்கூட இறங்காது.

பையன்கள் கல்லூரி அணியில் சேரக் கையெழுத்துப் போடும் நாளுக்கு மூன்று நாள் முன்பு வெர்னெல் அம்மாளோடு தொலைபேசியில் பேசினேன். "உங்ககிட்ட சொல்லாம இருக்க மனசு கேக்கல. பெட்வே அடுத்த மாசம் ஆஷ்பிய விட்டுப் போறாரு. டெக்சாஸ்ல வேல கெடச்சிருச்சு. உங்க மகன் யாரை நம்பிப் போவான்?" என்றேன்.

பொய், அவையோரே! நெஞ்சறிந்த பொய். அந்தத் தாய் பெட்வேயைக் கேட்டிருக்கலாம். ஆனால் தன் சமையலறையில் உட்கார்ந்து உண்மை பேசிய மனிதர் இதை மட்டும் மறைத்தாரே என்று மனம் நொந்துபோனார். பெட்வே கூப்பிட்டபோது தொலைபேசியை எடுக்கவில்லை. லோனி டாலிவருக்குக் கையெழுத்துப் போட்டான்.

அந்த ஆண்டு என்ன நடந்தது, நினைவிருக்கிறதா? "பெட்வேக்கு வயசாயிருச்சு, கைக்கு வந்த பையன விட்டுட்டாரு" என்று பத்திரிகை எழுதியது. இதே ஊரில் கடைவீதியில் அவரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டீர்கள். அவரை மாற்ற வேண்டும் என்று மனுக் கொடுத்தீர்கள். அவர் எதையும் விட்டுவிடவில்லை, ஐயா! நான் திருடினேன். இன்றைக்கு, அவருடைய படத்துக்கு முன்னால், உங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன். அவர் தோற்கவில்லை.

வாக்குக் கொடுத்தபடி முதல் ஆட்டத்திலேயே லோனியை இறக்கினேன். அக்டோபரில் ஆஷ்பியோடு ஆட்டம். மூன்று முறை பந்தை நழுவவிட்டான். மூன்று முறையும் இடது பக்கம் ஓடும்போது, பந்தை இடது கைக்கு மாற்றாமல். எங்கள் ரசிகர்களே அவனைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். ஆட்டம் முடிந்து நான் வெளியே வந்தபோது, சுவரோரமாகப் பெட்வே அவன் தோளில் கை போட்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

பாய்ந்து போனேன். "எம் பையன் மேலருந்து கைய எடு!"

அவர் கையை எடுத்தார். அமைதியாகச் சொன்னார்: "சரி கிளைட், நீயே சொல்லிக்குடு. பன்னெண்டு வயசுல அவனுக்கு எடது மணிக்கட்டு ஒடஞ்சிருக்கு. அந்தக் கைக்குப் பந்த மாத்தப் பயப்படறான். கை பலமாத்தான் இருக்கு, பயம்தான் போகல. தெனமும் எடது கையில மட்டும் பந்தக் குடுத்து நடக்க விடு. ஓட வேண்டாம். நடந்தாப் போதும்."

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க அம்மாதான் சொன்னாங்க. நான் கேட்டேன்."

பதினான்கு முறை போயிருந்தேன், அவையோரே. பதினான்கு முறையும் நான்தான் பேசினேன்.

அதன் பிறகாவது அவர் சொன்னதைச் செய்தேனா? இல்லை! அவர் சொன்னது என்ற ஒரே காரணத்துக்காகச் செய்யவில்லை. அந்தப் பருவம் முழுவதும் லோனி பந்தை நழுவவிட்டான், பிறகு பெஞ்சில் உட்கார்ந்தான், பிறகு சாப்பாட்டு அறைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டான். பதினெட்டு வயதுப் பையனை என் பொறாமைக்குத் தீனியாகப் போட்டேன். இதைவிடப் பெரிய குற்றம் என் தொழிலில் கிடையாது.

வசந்த காலத்தில் வெர்னெல் அம்மாள் என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பெட்வே கோச் எங்கயும் போகலையே?"

"இல்லம்மா."

"போறதாவும் இல்லையே?"

"இல்ல."

"எங்க வீட்டு மேசையில உக்காந்து சாப்பிட்டீங்களே கோச்." அவ்வளவுதான் சொன்னார். மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

லோனி ஆஷ்பிக்கு வந்தான். கல்லூரி மாறியவர்களுக்கான விதிப்படி ஒரு வருடம் விளையாடாமல் உட்கார்ந்தான். அந்த வருடம் முழுவதும் இடது கையில் பந்தோடு பைன் தோப்பில் நடந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கடுத்த ஆண்டு எங்கள் மைதானத்துக்கு வந்து, எங்கள் அணிக்கு எதிராக, இருநூற்றுப் பதினொரு கெஜம் ஓடினான். கடைசி எழுபது கெஜம் இடது பக்கமாக, இடது கையில் பந்தோடு! எல்லைக் கோட்டைத் தாண்டி வந்த அவனைப் பெட்வே கட்டிப்பிடித்துத் தூக்கினார். என் வாழ்க்கையில் யார்மேலும், எதன்மேலும் அப்படிப் பொறாமைப்பட்டதில்லை. அந்த அணைப்பு எனக்கு வரவேண்டியது என்று நினைத்தேன். வரவேண்டியதா? நீங்களே சொல்லுங்கள்.

அன்று மாலை அவரை வண்டி நிறுத்தும் இடத்தில் பிடித்தேன். "வெர்னெல் அம்மா உங்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருப்பாங்க. ஏன் என்னக் காட்டிக்குடுக்கல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் வேல போயிருக்கும்" என்றேன்.

"அதனாலதான் சொல்லல. அவங்களையும் சொல்ல வேண்டாம்னேன்" என்றார். "உன் வேல போயிட்டா நான் யாரு பின்னாடி போறது?"

எனக்குப் புரியவில்லை.

"பெல்ஃபோர்ல அப்படி ஒரு பையன் இருக்கான்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நெனச்ச? உன் காரு எந்தப் பள்ளிக்கூட வாசல்ல நிக்குதுன்னு பாத்துட்டுதான் நான் போவேன். வருஷக்கணக்கா அதுதான் என் வேல. வந்த பையன என்னால ஆளாக்க முடியும் கிளைட். ஆனா சேத்துல ஓடற நூறு பேர்ல எவன்னு கண்டுபிடிக்கிற கண்ணு எனக்குக் கெடையாது. அது உங்கிட்டதான் இருக்கு. உன்னப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்யா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

அதைக் கேட்டு என் மனம் குளிர்ந்தது என்று நினைக்கிறீர்களா? குளிரவில்லை. அதிலும் பொறாமைதான் வந்தது. என்னைப் பல ஆண்டுகளாகத் தின்றுகொண்டிருந்த சொல்லை, மிட்டாய் கொடுப்பதுபோல என்னிடம் நீட்டிவிட்டு இந்த மனிதரால் வண்டி ஏறிப் போக முடிகிறதே! என்னால் அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல முடிந்ததா? அவர் உயிரோடு இருந்தவரை முடியவில்லை. இதோ, இன்றைக்குத்தான் சொல்கிறேன். ஓடெல், எனக்கும் அதேதான்யா. அதேதான்.

வெர்னெல் அம்மா, நீங்கள் அங்கே கதவோரம் அமர்ந்திருப்பதைப் பார்த்தேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. பொய் சொன்னேன் என்பதை மட்டும் ஊரறியச் சொல்லிவிட்டேன். லோனி, உன் ஓர் ஆண்டை நான் எடுத்துக்கொண்டேன். அதை என்னால் திருப்பித் தர இயலாது.

இப்படிப்பட்ட கூட்டங்களில் மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறுவது வழக்கம். என்னால் ஓடெல் பெட்வேயின் பணியைத் தொடர முடியாது. அதற்கான பொறுமை எனக்கு எந்நாளும் இருந்ததில்லை. ஆனால் எனக்குக் கண் இருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்தக் கண் பார்வை இழக்கும்வரை அது கண்டதை உங்களுக்கும் சொல்வேன் என்று இந்த அவையின் முன் உறுதி கூறுகிறேன்.

இப்போதே தொடங்குகிறேன். லோனி, எழுதிக்கொள். பையன் பெயர் டோரன்ஸ் ஹெய்க். ஹார்மன் மேட்டுப் பள்ளிக்கூடம். மொத்தமே அறுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளி, எந்தக் கல்லூரிக்காரனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. சென்ற வெள்ளிக்கிழமை பார்த்தேன். இருபது ஆண்டுகளில் அப்படி ஒரு இடுப்பை நான் பார்க்கவில்லை. தாய் கோழிப் பண்ணையில் வேலை செய்கிறார், வியாழக்கிழமைகளில்தான் வீட்டில் இருப்பார். டாலிவரிலிருந்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, என்னை முறைக்காதீர்கள். உங்கள் காதிலும்தான் விழுந்தது.

லோனி, அவன் உன்னிடம் வந்து, நீ அவனை நல்ல ஓட்டக்காரனாக ஆக்கிவிட்டால், எனக்கு வயிறு எரியும். நிச்சயம் எரியும். எரிந்துவிட்டுப் போகட்டும். நீ வியாழக்கிழமை போ.