ஆறாவது ஓட்டை

– அதைக் கீழ வை குருவி. வெறும் பையே ரெண்டு கிலோ இருக்கும் போல.

– ரெண்டு கிலோ இருநூறு கிராம். சீட்டுல போட்டிருக்கு அண்ணா. எனக்கும் படிக்கத் தெரியும்.

– நான் என்ன சொல்றேன்னா, உன் முதுகுக்கு இது ஆகாது. ஐம்பத்தி நாலு வயசாச்சு உனக்கு. அந்த வரிசையில நைலான் பை தொங்குது பாரு, தூக்கினா தூக்கின மாதிரியே இல்ல.

– சார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு மேடம். இருக்கறதைச் சொல்லிடறேன், நைலான் இதுல பாதி எடைதான். ஆனா நீங்க எதுக்கு வாங்குறீங்கன்னு தெரிஞ்சா நல்லது. எல்லாத்துக்கும் ஒரே பை சரிப்படாது.

– காட்டுக்குப் போறேன். மூணு நாள். காலையில என்கூட நடக்க வர்ற ஆறு பேரும் சேர்ந்து கிளம்புறோம், இந்தச் சனிக்கிழமை. கூடாரம் கிடையாது, ரெண்டு மரத்துக்கு நடுவுல தார்ப்பாயைக் கட்டிப் படுக்கணும். விறகு பொறுக்கி, தீ மூட்டி, நாங்களே சமைச்சுக்கணும்.

– அப்ப இந்தக் கேன்வாஸ் பைதான். தீ பக்கத்துல உக்காந்திருக்கும்போது ஒரு பொறி பறந்து விழுந்தாப் போதும், நைலான் உருகி ஓட்டையாயிடும். கேன்வாஸ்ல ஒரு கரும்புள்ளி விழும், அதோட சரி. முள்ளுல உரசினாலும் தாங்கும். அப்படியே கிழிஞ்சாலும் ஊசியும் நூலும் இருந்தாப் போதும்.

– நனைஞ்சா என்ன ஆகும், அதையும் சொல்லுங்க. நனைஞ்ச கேன்வாஸைத் தூக்கியிருக்கீங்களா நீங்க? நான் தூக்கியிருக்கேன். ஒரு ஆளையே சுமக்கற மாதிரி இருக்கும்.

– அதுக்குத்தான் மெழுகு தேய்க்கறது. நீ சுமந்த பைக்கு மெழுகு தேய்ச்சது யாரு?

– நீதான்.

– ஞாபகம் இருந்தா சரி.

– வீட்ல பழைய பை ஏதாவது இருக்கா மேடம்? அதோட அளவு தெரிஞ்சா எனக்குச் சுலபம்.

– என் வீட்ல இல்ல. எங்க அப்பாவோட பை ஒண்ணு அண்ணன் வீட்ல இருக்கு.

– பரண்லதான் கிடக்கு. அப்பா போனதுக்கப்புறம் நான் காட்டுப் பக்கமே போகல, பதினோரு வருஷமாச்சு. எடுத்துக்கோ எடுத்துக்கோன்னு இவகிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன். புதுசுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா.

– அது உன் பை அண்ணா. அப்பா உன் தோள்ல மாட்டிவிட்டது. எனக்குன்னு ஒண்ணு நானே வாங்கிக்கறேன், விடு.

– அப்ப இதையே மாட்டிப் பாருங்க மேடம். இருங்க, வெறும் பையை மாட்டிப் பார்த்து ஒண்ணும் தெரியாது. ரெண்டு மணல் மூட்டை வச்சிருக்கேன், எட்டு கிலோ வரும். உள்ள போடறேன்.

– நடுவுல போடாதீங்க. முதுகை ஒட்டி நிக்க வைங்க. கனம் முதுகுப் பக்கம் இருந்தாத்தான் பின்னால இழுக்காது. வெளிப்பக்கம் காலியா இருக்கற இடத்துல ஏதாவது துணி இருந்தா அடைங்க.

– இருக்கறதைச் சொல்லிடறேன் மேடம், இங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது. நிறைய தடவை போயிருக்கீங்க போல.

– ஒரு தடவைகூடப் போனதில்ல.

– சும்மா சொல்றீங்க.

– நிஜமாத்தான். மாசத்துல ஒரு தடவை அப்பாவும் அண்ணனும் போவாங்க. அப்பாவுக்கு மில்லுல ஷிப்ட் வேலை, எப்ப லீவு கிடைக்கும்னு தெரியாது. கிடைச்சதும் 'குருவி, பையைக் கட்டு'ம்பார். நான்தான் கட்டுவேன். அரிசியும் பாத்திரமும் முதுகுப் பக்கம். போர்வை அடியில. தீப்பெட்டியை பிளாஸ்டிக் உறையில சுத்தி, அதை ஒரு சாக்ஸுக்குள்ள திணிச்சு, சாக்ஸைப் போர்வைக்குள்ள வைப்பேன். ஒரு தடவைகூட நனைஞ்சதில்ல.

– நனைஞ்சதில்லதான். ஆனா ஒவ்வொரு தடவையும் எந்தச் சாக்ஸுன்னு நானும் அப்பாவும் குளிர்ல உதறித் தேடுவோம். அப்பா திட்டிக்கிட்டே தேடுவார். கிடைச்சதும், 'கட்டினா இவளை மாதிரி கட்டணும்டா'ம்பார்.

– என்கிட்ட சொன்னதில்ல.

– அப்பா யார்கிட்டதான் நேர்ல சொல்லியிருக்கார்?

– திரும்பி வந்ததும் பை நேரா என்கிட்ட வரும். மண்ணைத் தட்டி, சாம்பலைத் துடைச்சு, தோலுக்கு எண்ணெய் போட்டு, கேன்வாஸுக்கு மெழுகு தேய்ச்சு வைப்பேன். தேய்க்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் முகத்தை உள்ள விட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். புகை, ஈர மண்ணு, பச்சை மரம் எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. நான் பார்த்த காடு அவ்வளவுதான்.

– கையை விடுங்க மேடம். ம், பை சரியா உக்காந்திருக்கு. வார்தான் கொஞ்சம் தொங்குது. அஞ்சு ஓட்டை இருக்கு, கடைசி ஓட்டைக்கு இழுத்தும் உங்களுக்குத் தளர்வாத்தான் நிக்குது. ரெண்டு வார்லயும் ஆறாவதா ஒரு ஓட்டை போட்டுத் தந்துடறேன்.

– வேண்டாங்க. நானே போட்டுக்கறேன்.

– உன்னால முடியாது குருவி, தடிமனான தோலு. அவர்தான் போட்டுத் தர்றேங்கறாரே.

– ஏற்கெனவே போட்டிருக்கேன் அண்ணா. பன்னெண்டு வயசுல, அப்பா பையில. அதுலயும் அஞ்சு ஓட்டைதான். ஆணியை அடுப்புல பழுக்கக் காட்டி, பின் வாசல்படியில வார் ரெண்டையும் வச்சு, சுத்தியலால அடிச்சேன்.

– ஆணியிலயா? ஆணி தோலைப் பிளந்துடுமே மேடம். ஓட்டைன்னா வட்டமா வெட்டி எடுக்கணும்.

– பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு அது எங்க தெரியும்? கருகின நாத்தம் போகணும்னு ஜன்னல் எல்லாத்தையும் திறந்து வச்சேன். அப்புறம் பையை நிரப்பி, அந்த ஆறாவது ஓட்டையில இறுக்கி மாட்டிக்கிட்டு, மாடிப்படியில இருபது தடவை ஏறி இறங்கினேன். என்னால சுமக்க முடியுதான்னு பார்க்கணும்ல.

– குருவி, மணி ஆகுது. பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பலாமா?

– கேளு அண்ணா. எனக்கும் வரணும்னு ஆசைன்னு அப்பாகிட்ட வாயைத் திறந்து கேட்க பயம். இல்லைன்னு சொல்லிட்டார்னா? அதனால கேட்கல, ஓட்டையைப் போட்டேன். அப்பா கண்ணுல படும், இது யாருக்குன்னு அவருக்குப் புரியும்னு நினைச்சேன். அவர் தோளுக்கும் இல்ல, உன் தோளுக்கும் இல்ல. வேற யாருக்கு?

– அப்பா பார்த்தாரா மேடம்?

– பார்த்தார். அந்தத் தடவை ரெண்டு பேரும் திரும்பி வந்தப்ப, இடது வார்ல நான் போட்ட ஓட்டையில கயிறு கோத்து, தகர டம்ளர் தொங்கிக்கிட்டிருந்துச்சு. அதுதான் பதில்னு எடுத்துக்கிட்டேன். அழல, டம்ளரைக் கழட்டிக் கழுவி வச்சேன். அதுக்கப்புறமும் பையைக் கட்டினேன், மெழுகு தேய்ச்சேன், ஆனா மாட்டிப் பார்த்ததே இல்ல. நாப்பத்திரெண்டு வருஷமாச்சு. இன்னிக்குத்தான் மறுபடியும் முதுகுல ஒரு பை.

– ரொம்ப வருஷம்தான் மேடம்.

– அவர் மேல எனக்குக் கோபம்னு சொல்ல முடியாது. ஆசையா வச்சுக்கிட்டார், படிக்க வச்சார். அந்த டம்ளர் மட்டும் உள்ள எங்கயோ தொங்கிக்கிட்டே இருக்கு. சரி விடுங்க. பழைய கதை.

– குருவி.

– என்ன அண்ணா, வேர்த்து வழியுது? நின்னது போதும், உக்காரு.

– இந்த ஸ்டூல்ல உக்காருங்க சார். தண்ணி கொண்டு வரட்டுமா?

– ஒண்ணும் வேணாம். நான் என்ன சொல்றேன்னா... சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். நீ மாடிப்படியில ஏறி இறங்கினதை நான் பார்த்தேன் குருவி. கதவிடுக்கு வழியா.

– பார்த்தியா?

– பார்த்தேன். அந்தப் பயணத்துல, முதல் நாள் சாயங்காலம், தீ மூட்டிட்டு உக்காந்திருந்தோம். அப்பா வாரைக் கையில எடுத்து விரலால தடவிக்கிட்டே, 'இதை யாருடா போட்டது'ன்னு கேட்டார்.

– அப்புறம்?

– டம்ளர் மாட்டறதுக்கு நான் போட்டேன்னுட்டேன். அவர் முன்னாலயே கயிறைக் கோத்து மாட்டிக் காட்டினேன். அப்பா மாட்டல குருவி. நான் மாட்டினேன்.

– எதுக்கு அண்ணா?

– வீட்ல அப்பா தூங்கிக்கிட்டே இருப்பார். முழிச்சிருந்தா அம்மாவுக்கு, உனக்கு, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு, எல்லாருக்கும் அப்பா. காட்டுல மட்டும்தான் எனக்கே எனக்கு. பதினஞ்சு வயசு எனக்கு. வேற காரணம் எதுவும் இல்ல. பொறாமை, அவ்வளவுதான்.

– அப்பா நம்பிட்டாரா?

– 'டம்ளருக்கு ஒரு ஓட்டை போதுமேடா, ரெண்டு எதுக்கு'ன்னார். கை தவறிப் போட்டுட்டேன்னேன். ஒரு விறகை எடுத்துத் தீக்குள்ள தள்ளினார். அப்புறம் சொன்னார்: 'நம்ம குருவிதான் போட்டிருப்பாளோன்னு நினைச்சேன்டா. அவதான்னா, அடுத்த தடவை மூணு பேரா வரலாம்னு பார்த்தேன்.'

– அப்படியா சொன்னார்?

– அந்த வார்த்தையை அப்படியே வச்சிருக்கேன். அவர் சாகற வரைக்கும் உன்கிட்ட சொல்லணும்னு நினைச்சேன், அப்புறமும் நினைச்சேன். பையை எடுத்துக்கோ எடுத்துக்கோன்னு சொன்னது அதுக்குத்தான். நீ திட்டணும்னா இங்கயே திட்டிடு.

– மேடம், நான் வேணும்னா கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் இருக்கட்டுமா?

– வேண்டாங்க, இங்கயே இருங்க. இதைக் கழட்டணும், கொஞ்சம் பிடிங்க.

– பை பிடிக்கலையா மேடம்? எடுத்து வச்சிடவா?

– பை நல்லா இருக்கு. இதை அண்ணன் தோள்ல மாட்டி அளவு பாருங்க, சனிக்கிழமை அவரும் எங்ககூட வர்றார். எனக்கு அண்ணன் வீட்டுப் பரண்ல அப்பா பை இருக்கு.