சந்தியில் வைத்த முதல் வாய்

காலை ஐந்தரை மணி. ரதீசன் எழும்புவான். பல் தீட்டுவான். கேத்திலைப் போடுவான். பாணை வாட்டி, முட்டையைப் பொரித்து, முக்கால்வாசியை ஒரு தட்டில் போட்டு எதிர்க் கதிரைக்கு முன்னால் வைப்பான். அந்தப் பக்கம் பார்க்காமல் மிச்சத்தைச் சாப்பிடுவான். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஆளில்லாத ரோட்டில் பஸ்ஸுக்கு நடப்பான். புவாண்ட்-கிளேர் என்கிற அந்தப் புறநகரில் அந்த நேரம் ஒரு நாய்கூடக் குரைக்காது. கந்தோரில் பின்னேரம் வரை கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்பான். திரும்பி வந்து மறுபடியும் இரண்டு தட்டு.

இதில் பேய் எங்கே என்று, பேய்க்கதை கேட்க எனக்கு எதிரே இருக்கிற வின்சன்ட் கேட்கப் பார்க்கிறார். பொறுங்கோ வின்சன்ட். கரன்ட் வர இன்னும் நேரம் கிடக்கு. வெளியில் ஐஸ் பாரத்தில் கொப்புகள் முறிகிற சத்தம் கேட்குதுதானே… அதோடு சேர்த்து இதையும் கேளுங்கோ. மெழுகுதிரியை நடுவுக்கு இழுத்து வையுங்கோ.

இந்த ரதீசன், எங்கள் சாம்பவனுடைய மச்சான். சாம்பவனின் மனைவி தனுஷாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. படித்த பெடியன். கலியாணம் முடித்து மூன்று வருசத்தில் மனைவி ஜெயமதி போய்விட்டாள். இரைப்பையில் புற்றுநோய். கடைசி மாதங்களில் வாய்வழியாக ஒன்றும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு அவள் பார்த்ததெல்லாம் நாப்போலி வீடியோக்கள்தான். இத்தாலியில் அந்தக் கூச்சல் பிடித்த பட்டணத்தில், சனம் தெருவில் நின்று எண்ணெய் வடிய வடியச் சாப்பிடுகிற வீடியோக்கள். "சுகம் வந்தா முதல்ல அங்கதானப்பா" என்பாளாம்.

சுகம் வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த கையோடு ரதீசன் ஒரு முதுகுப்பையைக் கட்டினான். தனியே போனான்.

நாப்போலி… ஒற்றை ஆள் போகிற ஒழுங்கையில் ஸ்கூட்டர் இரண்டு ஒன்றாய் வரும். தலைக்கு மேலே ஈர உடுப்புகள் சொட்டும். யாரும் யாருக்கும் வழி விடமாட்டார்கள். மதிலுக்கு மதில் சின்னச் சின்ன மாடங்கள். உள்ளே மாதா. மாதாவுக்குக் கீழே அந்தத் தெருவில் செத்தவர்களின் போட்டோக்கள். சில மாடங்களில் மண் பொம்மைகளும் உண்டு. கரைசேராத ஆவிகளாம், நெருப்புக்குள் நின்றபடி மேலே கையை நீட்டிக்கொண்டு.

பொழுது படுகிற நேரம். பொரித்த பீட்சா ஒன்று வாங்கிக்கொண்டு அப்படி ஒரு மாடத்துக்குக் கீழே, கல்படியில் இருந்தான். மூன்று ஒழுங்கைகள் வந்து முட்டுகிற இடம். எண்ணெய் மணம், உருகிய மெழுகு மணம், நனைந்த கல்லின் மணம்…

எட்டுச் செலவன்று செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து, வீட்டுக்குள் படைத்து, கதவைச் சாத்திவிட்டு நாங்கள் வெளியில் நிற்போமே. அன்றைக்குத் தனுஷா புட்டு வைத்தாள், கணவாய்க் கறி வைத்தாள், ஐஸ்கிரீம்கூட வைத்தாள். இந்தப் பொரித்த பீட்சா ஒன்றுதான் வைக்கவில்லை. அது அவன் நெஞ்சில் கிடந்தது. முதல் வாயைப் பிய்த்தான். கடதாசியில் வைத்து, பக்கத்துப் படியில் வைத்தான். போத்தல் தண்ணீரால் சுற்றித் தெளித்தான்.

"மதி… வாரும். வந்து சாப்பிடும்."

சந்தியில் வைக்கிறது கழிப்பு. வீட்டில் அண்டவிடக் கூடாததுகளுக்கு வைக்கிறது. அது அவனுக்கும் தெரியும். ஆனால் அந்த இடம் அவனுக்குச் சந்தியாகவே படவில்லை. வெளிநாடு. வீடியோவில் பார்த்த தெரு. அவ்வளவுதான் நினைத்தான்.

ஸ்கூட்டர்ச் சத்தம் நின்றது. தூரத்தில் கேட்டது… கிட்ட மட்டும் இல்லை. பிறகு பக்கத்தில், காதுக்குக் கொஞ்சம் கீழே… யாரோ விரல் சூப்புகிற சத்தம். ஒரு விரல். அடுத்த விரல். ஐந்தும்.

திரும்பினான். யாரும் இல்லை. கடதாசியில் வைத்தது வைத்தபடி கிடந்தது. எடுத்து வாயில் போட்டான். உப்பில்லை, புளிப்பில்லை, சூடில்லை. நனைந்த மட்டையைச் சப்புகிற மாதிரி.

ஹொஸ்டல் படியேறும்போது முதுகுப்பை கீழே இழுத்தது. பிள்ளை ஒன்று பின்னால் தொங்குகிற மாதிரி. அவன் பயப்படவில்லை. அழுதானாம், சந்தோசத்தில்.

அதற்குப் பிறகு அந்தப் பட்டணத்தில் எதைத் தின்றாலும் ருசியில்லை. பொரித்த மீன், கோப்பி, சீஸ் வைத்த பணியாரம், ஒன்றிலும் இல்லை. முதலில் ஒரு வாய் புறம்பாக வைத்தால் மட்டும் ருசி வரும். வைத்தான். இரவில் கட்டிலின் கால்மாட்டில் குரல் கேட்டது. அவளுடைய குரலேதான்.

"இன்னும் வை."

வின்சன்ட் சிரிக்கிறார். சிரியுங்கோ. "பேயும் பீட்சா தின்னத் தொடங்கிட்டுதோ?" என்று சாம்பவனும் முதலில் சிரித்தவன்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாய் கால்வாசியாயிற்று. பிறகு பாதி. ஒருநாள் செயின்ட்-மிஷேலில் தனுஷா வீட்டுக்குச் சாப்பிடப் போனான்.

"என்னடா இது? கழுத்தெலும்புக் குழியில தண்ணி ஊத்தி வைக்கலாம் போல கிடக்கு. சமைக்கிறதில்லையோ?"

"சமைக்கிறனான் அக்கா. மதியும் சாப்பிடுறா."

"ஆர்?"

"மதி."

அவன் புறம்பாக வைத்த தட்டிலிருந்து தனுஷா ஒரு துண்டு இறைச்சியை எடுத்து வாயில் போட்டாள். கொச்சிக்காய் அள்ளிப் போட்டு அவளே சமைத்த கறி. ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தாள். சாம்பவனும் எடுத்துப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். ஐயர் எல்லாம் கேட்டுவிட்டு, "எங்க வைச்சுக் கூப்பிட்டனீர் தம்பி?" என்றார்.

"தெருவில ஐயா. மூண்டு ஒழுங்கை சந்திக்கிற இடம்."

ஐயர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார்.

"பேர் சொல்லித்தான் ஐயா கூப்பிட்டனான்."

"சொல்லியிருப்பீர். அங்க நிண்ட எல்லாருக்கும் கேட்டிருக்கும்தானே."

நூல் கட்டிவிட்டார். இரண்டு நாளில் அது எதிர்த் தட்டில் கிடந்தது. ஈரமாக, சப்பிய மாதிரி. படைக்காமலும் இருந்து பார்த்தான். மூன்றாம் நாள் கந்தோரில் மயங்கி விழுந்தான். டொக்டர் சோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை, நல்லாய்ச் சாப்பிடும் என்றார். வேறு என்ன செய்வது?

போன கிழமை காலையில் தனுஷா சொல்லாமல் அவன் வீட்டுக்குப் போனாள். அவன் முட்டை பொரித்துக்கொண்டு நின்றான். எதிர்க் கதிரை மேசையோடு நெருங்கிக் கிடந்தது. வீட்டுக்குள் எண்ணெய் மணம். நனைந்த கல்லின் மணமும். அவள் எதிர்த் தட்டை எடுக்கக் கை வைத்தாள்.

"எடுக்காதேங்கோ அக்கா." அவன் சத்தம் போடவில்லை. "எடுத்தா இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்."

"தம்பி, இது மதி இல்லையடா."

"தெரியும்."

"எப்பயிருந்து தெரியும்?"

அவன் முட்டையைப் பிரித்தான். பெரிய பங்கு அந்தத் தட்டுக்குப் போனது. தனுஷா கதிரையைப் பார்க்காமல் சுவரோடு நின்றாள்.

"'இன்னும் வை' எண்டு கேட்ட முதல் நாளே தெரியும் அக்கா. ஆஸ்பத்திரிக்கு நான் நெடுகச் சூப் கொண்டுபோவன். குடிக்க மாட்டா எண்டு தெரிஞ்சும் மேசையில ஊத்தி வைப்பன். கடைசி நாளும் வைச்சனான். அதைப் பார்த்திட்டு என்ர கையைப் பிடிச்சு ஒண்டு சொன்னவ. அதுக்குப் பிறகு அவ கதைக்கேல்லை."

"என்ன சொன்னவ?"

அவன் தட்டை எதிர்க் கதிரைப் பக்கம் தள்ளிவிட்டான்.

"'போதுமப்பா… இனி எனக்குச் சாப்பாடு வைக்காதேங்கோ.'"