தரையின் வாட்டம்

நிலவறையில் குளியலறை கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் டைல்ஸ் கடைக்குத்தான் போகிறார்கள். நீலமா, சாம்பலா என்று கணவனும் மனைவியும் நின்று சண்டை போடுகிறார்கள். ஊற்றுகிற தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. மனிதர்கள் மேல் எனக்கு அவ்வளவாக மதிப்பில்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், ஐயா. பரவாயில்லை, புரியும்படியே சொல்கிறேன்.

எங்கள் வீட்டு நிலவறையை நீங்களே பார்த்தீர்கள். பிட்ஸ்பர்க்கில் மலைச்சரிவில் நிற்கிற பழைய வீடுகள் எல்லாவற்றிலும் இருப்பது போல அங்கேயும் ஒரு டாய்லெட் உண்டு. சுற்றிச் சுவர் கிடையாது, கதவு கிடையாது. துணி துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் சிம்மாசனம் மாதிரி உட்கார்ந்திருக்கும். எஃகு ஆலையிலிருந்து கரியோடு வருகிறவர்கள் மாடிக்கு அழுக்கைக் கொண்டுபோகக் கூடாது என்று அந்தக் காலத்தில் வைத்தது. என் மனைவி டோரீனின் அப்பா அப்படி வந்தவர். வீடும் அவருடையதுதான். அவர் போன பிறகு நானும் டோரீனும் அங்கேயே இருந்துவிட்டோம்.

அப்புறம் ரஸ்ஸல் வந்தான். டோரீனின் அண்ணன். இரண்டாவது மனைவி அவன் துணிமணிகளைப் புல்வெளியில் வீசியிருந்தாள். அந்தப் பெண்மணியை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், ஆனால் இன்றுவரை மரியாதை வைத்திருக்கிறேன். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி ஒரு சோபாவோடு வந்தான். இரண்டு வாரத்துக்கு வருகிறவன் சோபா கொண்டுவருவானா என்று டோரீனைக் கேட்டேன். அவள் அவனுக்குத் தலையணை தேடப் போனாள்.

நிலவறையில் குடியேறினான். பகலெல்லாம் ஐஸ் ஹாக்கி பார்ப்பான், பியர் குடிப்பான். நான் கீழே துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த டாய்லெட்டில் வந்து உட்காருவான், உட்கார்ந்தபடியே ஆட்டத்தைப் பற்றிப் பேசுவான். கொஞ்சம் பொறுக்கக் கூடாதா என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங்கப்பா இதுலதான் உக்காந்து பேப்பர் படிச்சாரு, மாப்ளே. அவருக்குச் சுவர் தேவைப்படல. உனக்கு எதுக்கு?" என்றான்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். சுவர் எழுப்பி, ஷவர் வைத்து, முறையான குளியலறையாக நானே கட்டுவது என்று. பிளம்பரைக் கூப்பிடலாம் என்றாள் டோரீன். பிளம்பர்கள் முந்தின பிளம்பரைத் திட்டுவதற்காகவே வருகிற ஆட்கள். நான் மாவட்ட அலுவலகத்தில் நில வரைபடங்கள் வரைந்து ஓய்வு பெற்றவன். ஒரு மலையின் சரிவைக் காகிதத்தில் கொண்டுவரத் தெரிந்தவனுக்கு ஒரு ஷவர் தரையின் வாட்டம் வராதா?

முதல் முறை வரவில்லை. ஒப்புக்கொள்கிறேன். காங்கிரீட்டை உடைத்து, குழாய் இறக்கி, மேலே சாந்து போட்டேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. ரஸ்ஸல் சோபாவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஆணி எடுத்துக் கொடுத்தவனில்லை. சாந்து பூசும் கரணையைப் பிடிக்கிற விதம் சரியில்லை, கேக்குக்கு கிரீம் தடவுகிறாயா என்று கேட்பான். டோரீன் அவனுக்கு பியரோகிக் கொழுக்கட்டை பொரித்துத் தட்டில் கொண்டுவந்தபோது அவன் எழுந்து வந்தான். தரையின் நடுவில் பியரை ஊற்றினான். பியர் வடிகாலுக்குப் போகவில்லை. மெதுவாகச் சுவரோரம் போய் நின்றது.

"பாத்தியா டோரீன், மாப்ள போட்ட தரை. தண்ணிகூட இவன்கிட்ட இருந்து ஓடிப்போகுது."

டோரீன் சிரித்தாள். தட்டை வைத்துவிட்டு, துணித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளை நான் அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் மனதில் வைத்துக்கொண்டேன் என்று நினைப்பார்கள். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

அது தவக்காலம், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கூடாது. வெள்ளிக்கிழமை சர்ச் மண்டபத்தில் மீன் வறுவல் சாப்பிடப் போனோம். ரஸ்ஸல் மேசை மேசையாகப் போய் இந்தக் கதையைச் சொன்னான். வரிசையில் எனக்கு மீன் போட்டவர்கூட, "எமில், தண்ணி எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டார். பிறகு கடையில் கேட்டார்கள், பஸ் நிறுத்தத்தில் கேட்டார்கள். பாதிரியாரே கேட்டார். எங்கள் ஊரில் புத்தகம் படிக்கிறவர்கள் குறைவு, கிடைத்த ஒரு வேடிக்கையை எளிதில் விடமாட்டார்கள்.

நான் கோபப்படவில்லை. தரையை உடைத்தேன், புதிதாகப் போட்டேன். இந்த முறை வாட்டம் எப்படி வந்தது என்றால், எந்த மூலையில் ஒரு துளி விட்டாலும் அது யோசிக்காமல் வடிகாலுக்கு ஓடியது. டோரீனைக் கூப்பிட்டேன். பிறகு வருகிறேன் என்றாள். ரஸ்ஸலைப் பார்க்கச் சொன்னேன். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ சொன்னா சரி, மாப்ளே" என்றான். ஒருவனுடைய வேலையைப் பார்த்துச் சிரித்தவன் அது சரியான பிறகு பார்க்கவும் கடமைப்பட்டவன் அல்லவா? இது சாதாரண நியாயம்.

அந்தச் சனிக்கிழமை டோரீன் சர்ச்சுக்குப் போயிருந்தாள். விற்பனைக்குப் பெண்கள் சேர்ந்து பியரோகி மடிப்பார்கள். சுவர், டைல்ஸ் எல்லாம் முடிந்திருந்தது. நான் காலையில் ஷவர் தரைக்கு மேல்பூச்சு அடித்தேன். டைல்ஸுக்குள் நீர் இறங்காமல் காக்கிற பூச்சு. மறுநாள் வரை அதில் கால் வைக்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. காய்ந்தாலும் பளபளக்கும், காயாவிட்டாலும் பளபளக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. காயாமல் இருந்தால், தண்ணீர் பட்டதும் எண்ணெய் மாதிரி ஆகிவிடும். மதியத்துக்கு மேல் நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, வாஷ்பேசினுக்குப் பின்னால் இருக்கும் டைல்ஸ் இடுக்குகளுக்குச் சாந்து இழைத்துக்கொண்டிருந்தேன்.

ரஸ்ஸல் துண்டோடு வந்து நின்றான். "ஆயிருச்சா? குளிக்கலாமா?"

"காஞ்சிருச்சு. முதல் குளியல் நீயே குளி" என்றேன்.

அவன் முகம் கொஞ்சம் மாறியது. "நிஜமாவா? தேங்க்ஸ், மாப்ளே" என்றான். அவன் எனக்கு நன்றி சொன்னது அது ஒன்றுதான். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. ஷவர் ஓரத்தில் நீர் வெளியே வராமல் இருக்க ஒரு சின்னக் கல் வரம்பு கட்டியிருக்கிறேன். அதில் பின்தலை பட்டது. உடனே சாகவில்லை. அதை உங்கள் டாக்டரும் சொன்னார், எவ்வளவு நேரம் என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. அவன் பேசினான்.

"மாப்ளே. கால் அசையல. யாரையாவது கூப்பிடு."

"இந்த வரிசையை முடிச்சுட்டு வர்றேன்" என்றேன்.

இந்த வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். சாந்து இழைத்துவிட்டுப் பாதியில் எழுந்தால் அது கல்லாகிவிடும், பிறகு டைல்ஸைப் பெயர்க்காமல் எடுக்க முடியாது. தண்ணீர் அவன் மேல் கொட்டிக்கொண்டே இருந்தது. அவன் இரண்டு தடவை என் பெயரைச் சொன்னான். மாப்ளே என்று இல்லை, எமில் என்றே சொன்னான். அப்புறம் டோரீன் பெயரைச் சொன்னான். அவனுடைய தலையிலிருந்து வந்ததும் ஷவரிலிருந்து வந்ததும் கலந்து ஒரே கோடாக வடிகாலுக்குப் போனது. ஒரு சொட்டுகூடச் சுவர்ப் பக்கம் போகவில்லை.

"தண்ணி எந்தப் பக்கம் போகுது, ரஸ்ஸல்?" என்று கேட்டேன்.

அவன் பார்த்தான். கண்கள் அந்தப் பக்கம் திரும்பியதை நான் கண்டேன். நான் வரிசையை முடித்தேன், அடுத்த வரிசையையும் முடித்தேன், ஸ்பாஞ்சை அலசி வைத்தேன், கை கழுவினேன். ஷவரை நிறுத்திவிட்டு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.

விபத்து என்று எழுதிக்கொண்டு போய்விட்டீர்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லாமல்தான் இருந்தது. அடக்கம் முடிந்து, எல்லாரும் வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அப்போது நகராட்சியிலிருந்து ஒரு கட்டட ஆய்வாளர் வந்தார். பூட்ஸ் காலோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை, குனியக்கூட இல்லை. டோரீன் பக்கத்தில் நிற்க, "தண்ணி தேங்கியிருக்கும்மா, வாட்டம் சரியா வந்திருக்காது. வீட்டுக்காரங்களே கட்டினா இப்படித்தான்" என்றார்.

டோரீன் அன்று மாலை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என் கையைத் தானாகப் பிடித்து எவ்வளவோ காலமாயிற்று.

"நான் உன்மேல கோவமா இல்ல, எமில். நீ வேணும்னு செஞ்சியா? உனக்கு அந்த வேலை தெரியல, அவ்ளோதான். நான் மன்னிச்சுட்டேன்" என்றாள்.

அதிலிருந்து தினமும் அதே அன்போடு பேசுகிறாள். குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொல்கிறாள். வருகிறவர்களிடமும் சொல்கிறாள், பாவம் அவருக்குத் தெரியவில்லை என்று. அவர்களும் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். யாரும் இப்போது சிரிப்பதில்லை. சிரித்தாலாவது தாங்கியிருப்பேன் என்று தோன்றுகிறது.

அதனால்தான் நானாக நடந்து வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்ததாக நீங்கள் நினைத்தால் அது உங்கள் இஷ்டம். பூச்சு காயவில்லை என்று தெரிந்துதான் அவனைக் குளிக்கச் சொன்னேன். விழுவான் என்று தெரிந்துதான் பக்கத்திலேயே இருந்தேன். போன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்காக ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஒரு வாளித் தண்ணீரோடு டோரீனை நிலவறைக்கு அழைத்துப் போங்கள். எந்த மூலையில் வேண்டுமானாலும் அவளையே ஊற்றச் சொல்லுங்கள்.