கலப்பட மேளம்

நிறுத்தும் மைதீன் பாய், பிரஷ்ஷைக் கீழ வையும். போர்டுல சங்கரலிங்கம், வெள்ளத்துரைங்கிற வரைக்கும் சரி. கீழ என்ன மேளம்னு நான் இன்னும் சொல்லலைல்லா? ஆமா, நாதஸ்வரக் கச்சேரின்னு காலைல சொன்னது நாந்தான். இப்பம் வேண்டாம்னு தோணுது. உக்காரத்தான் பாக்கேன் வே, இருப்புக் கொள்ளலயே.

வெள்ளைக்காரன் போன வருசத்துலருந்து நாங்க ஜோடி. எனக்குத் தவுலு, என் வீட்டுக்காரி தம்பி வெள்ளத்துரைக்கு நாதஸ்வரம். என்ன மேளம்னு எவனாவது கேட்டிருப்பானா? சங்கரங்கோயில் செட்டும்பான், அவ்வளவுதான். முகூர்த்தத்துக்குக் கீர்த்தனை, ஊர்வலத்துக்குச் சினிமாப் பாட்டு, தெரு முக்குல பயலுவ ஆட நின்னா அதுக்கும் ஒண்ணு. நீரே தோடி கேட்டுக் கண்ணைத் துடைச்சீரு, அடுத்த நிமிசமே துண்டைச் சுத்திக்கிட்டு ஆடுனீரு. பொய்யா சொல்லுதேன்?

போன ஆடித் தபசுத் திருவிழாவுக்கு மெட்ராஸ்லருந்து ஒரு பத்திரிகைக்காரரு வந்தாருல்லா, சங்கீத விமர்சனம் எழுதுதவரு? கோயில் வாசல்ல நின்னு நம்ம வாசிப்பைக் கேட்டாரு. மறு வாரமே எழுதிட்டாரு, கலப்பட மேளம்னு. வாசிப்புல குத்தமே சொல்லல, பாத்துக்கிடும். அந்த ஒரு சொல்லுதான். கடலை எண்ணெய்க்குச் சொல்லுத சொல்லு!

சலூன்ல வாசிச்சான், பஸ் ஸ்டாண்டுல வாசிச்சான், ஊரே ரெண்டாப் போச்சு. சுத்த சங்கீதம்னு ஒரு கோஷ்டி, கீர்த்தனை முடிஞ்சதும் துண்டை உதறிட்டு எந்திரிச்சிருதான். இன்னொரு கோஷ்டி சினிமாப் பாட்டு வருத வரைக்கும் வெளிய நின்னு பீடி குடிக்கான். ரெண்டுலயும் இருக்கவன் நேத்து வரைக்கும் நம்ம முன்னால ஒண்ணா உக்காந்தவன்தான். புளியங்குடி எலுமிச்சங்கா யாவாரி, வெள்ளிக்கிழமை மக கல்யாணம், நீங்க இதா அதா, ஒண்ணைச் சொல்லுங்கன்னு ஆள் விட்டாரு. நீரு மட்டும் என்ன? அதுக்கப்புறம் நம்ம மேளம் வந்தப்பம் துண்டு தோளை விட்டு எறங்குச்சா? கவனிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்.

வெள்ளத்துரைதான் நொறுங்கிட்டான். இனிமே சினிமாப் பாட்டே வாசிக்க மாட்டேங்கான். ராயகிரிக் கல்யாணத்துல பயலுவ பாட்டுக் கேக்கான், இவன் கண்ணை மூடிக்கிட்டு ஒரே ராகத்தை முக்கா மணி நேரம் இழுக்கான். மாப்பிள்ளையே எந்திரிச்சிப் போயிட்டான். பொறுக்கமாட்டாம நான் தவுல்ல சினிமாப் பாட்டு அடியை அடிச்சிட்டேன். அவ்வளவுதான், நாதஸ்வரத்தை உறையில போட்டுட்டு எறங்கிட்டான். மாசம் மூணாச்சு. அவன் அக்கா போயிக் கூப்புட்டும் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல.

அவன் இல்லாம எனக்கு வாசிக்கத் தெரியாது பாய். வெறுந் தவுலை எடுத்து வச்சிக்கிட்டு அவன் மூச்சு எங்க வாங்குவான்னு காத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். இந்தப் போர்டை வாசல்ல மாட்டுனா, இந்த வழியாத்தானே சந்தைக்குப் போவான், பாத்துட்டு மனசு எளகாதான்னுதான்.

எப்படி? அந்த மெட்ராஸ்காரருக்குக் கலப்படம்ங்கிற சொல்லு எங்கருந்து கெடைச்சுதுங்கீரா?

அது வந்து... வாசிச்சி முடிச்சதும் நேரா என்கிட்டதான் வந்தாரு. இதை எந்த வகையில சேக்கன்னு கேட்டாரு. நம்ம வாயிதான் சும்மா இருக்காதே. எல்லாம் கலந்ததுதான் சாமி, கலப்பட மேளம்னு எழுதிக்கிடுங்கன்னேன். சிரிப்பாருன்னு பாத்தேன். அவரு குனிஞ்சி எழுதிக்கிட்டாரு.

வெள்ளத்துரைக்குத் தெரியாது. என் வீட்டுக்காரிக்கும் தெரியாது. என்ன வே அப்படிப் பாக்கீரு? பெயிண்டு காயுது, எழுதும். கீழ மேளம்னு மட்டும் போடும், முன்னால ஒண்ணும் வேண்டாம். அப்புறம் மேல என் பேரை அழிச்சிட்டு அவன் பேரை மொதல்ல எழுதும். என் பேரு பின்னால வரட்டும், சின்ன எழுத்துல.