தின்ன இட்லிக்குத் தக்கன வேலை

…அதுக்காக மனுசன் இட்லிய எண்ணிக்கிட்டா திம்பான், நீங்களே சொல்லுங்க. கொஞ்சம் அங்கிட்டு நகந்து ஒக்காருங்க, எல போடட்டும். தம்பி, நாலு பரோட்டா. சால்னாவ தளும்ப ஊத்து. மூணு இட்லிங்க. காலையில திண்ட மூணு இட்லிய வச்சுக்கிட்டு ஒரு மனுசன் சாயங்காலம் வரைக்கும்… சரி விடுங்க.

எந்த ஊரா? இந்தா, கந்தர்வகோட்டைக்கு இங்கிட்டு, முந்திரிக் கொல்லைக்குள்ள புதுசா எட்டு வீடு தெரியும்ல, அதுல மூணாவது. பேரு திருப்பதி. எல்லாம் புள்ளைகள சிங்கப்பூரு, கோயம்புத்தூருன்னு அனுப்பிட்டு ஒக்காந்திருக்க ஆளுக. வயசான காலத்துல வீட்டுக்கு வீடு எதுக்கு அடுப்புப் பத்தவைக்கணும்னு எட்டுக் குடும்பமும் சேந்து கட்டுனோம். வீடு தனித்தனி, அடுப்படி ஒண்ணு. சமைக்கிறது, கூட்டுறது, காய் நறுக்குறது, இட்லிக் கொப்பர தேய்க்கிறதுன்னு வாரத்துக்கு ஒரு வேல, மாத்தி மாத்தி. நல்லாத்தாங்க போச்சு.

அப்பத்தான் மாசக் கூட்டத்துல ஒரு மகராசன் எந்திரிச்சான். "நம்ம கொளத்து மடையில எப்புடி? நெலம் அதிகமா வச்சிருக்கவன் வாய்க்கா வெட்ட ஆளும் அதிகமா விடணும். அந்த ஞாயந்தான் இங்கயும். அதிகமாத் திங்கிறவன் அதிகமா வேல பாக்கணும்"னான். எல்லாரும் கையத் தட்டுனாங்க. வெளங்குவானா அவன்? சோத்த அளந்து ஞாயம் பேசுறவன் நல்லாருப்பானா?

ஒடனே செபமால டீச்சரு கரும்பலகையக் கொண்டாந்து மாட்டிருச்சு. ரிட்டயரானாலும் சாக்பீசு ஆச விடல அதுக்கு. ஒரு வாரம் நின்னு எண்ணுச்சுங்க. நம்ம வாயில போடும்போது ஒருத்தவுங்க பக்கத்துல நின்னு கோடு போட்டா தொண்டையில எறங்குமா? எனக்கு எறங்குச்சு. அதான் வென.

ஏழாம் நாளு எழுதிப் போட்டாங்க. 'ஆவுடையப்பன், நாலு.' ஆளு தேரு கணக்கா இருப்பாருங்க, அவரு வந்து ஒக்காந்தா பெஞ்சு அழும். திங்கிறது நாலே நாலு. அடுத்த வரி, 'திருப்பதி, ஒம்போது.' என்னயப் பாருங்க, முருங்கக் குச்சி. எங்கதான் போகுதோ தெரியல. அன்னையிலருந்து இட்லிக் கொப்பரையும் கிரைண்டரும் நாந்தான் தேய்க்கிறேன். மூணா கொறச்சாத்தான் கொப்பர அவரு கைக்கு மாறும். அதான் அங்க மூணு, இங்க நாலு. தம்பி, இன்னும் ரெண்டு போடு.

யாருங்க? அந்த ரூல் கொண்டாந்த மகராசனா?

…நாந்தாங்க. பின்ன, ஆவுடையப்பனப் பாத்தா யாருக்குத்தான் தோணாது? வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையாப் போச்சு. சிரிங்க, சிரிங்க. அவருதான் மொத ஆளாக் கையத் தட்டுனாரு. அப்பவே எனக்கு ஒறச்சிருக்கணும்.

அதுகூடப் பரவால்லங்க. அதே பலகையில எனக்குக் கீழ எம் பொண்டாட்டி பேரு. 'சொர்ணவல்லி, ரெண்டு.' அவளுக்கு வேல, கறிவேப்பில உருவுறது. அம்புட்டுத்தான். கை எரியுதே, ஒரு நாளைக்குக் கொப்பரையப் புடியேன் புள்ளன்னு கேட்டேன். நிமிந்துகூடப் பாக்கல. "நாப்பது வருசமா நான் திண்டது ரெண்டு, நீங்க திண்டது ஒம்போது. கொப்பரையத் தேச்சது யாரு?"ன்னா.

கோவமாச் சொல்லிருந்தா சண்ட போட்டுருப்பேன். எலைய உருவிக்கிட்டே சொன்னா. வெக்கமாப் போச்சுங்க. அவ ரெண்டுதான் திங்கிறான்னு அந்தக் கரும்பலகையப் பாத்துத்தாங்க எனக்கே தெரியும்.

கூட்டத்துல போயி ரூல எடுங்கய்யான்னு கேக்கலாம்தான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது? கேக்கவும் இப்ப மனசு வரல.

என்னங்க எந்திரிச்சுட்டீங்க? பஸ்ஸா? அது இன்னும் வரலைங்க… சரி சரி, கை கழுவிட்டுப் போங்க. அந்த ஒரு பரோட்டாவ வச்சுட்டா போறீங்க? போறாரு.

தம்பி, பார்சல் ஒண்ணு கட்டு. வீட்டுல அவளுக்குத்தான். இங்கன வாங்கித் திண்டா பலகையில வராதுல்ல. ரெண்டு… இல்ல, அஞ்சாக் கட்டுப்பா. அவ ரெண்டுதான் திம்பா. மிச்சத்த வீணாக்கக் கூடாதுல்ல.