கடைசி வயலுக்கு முதல் விதைப்பு

கூட்டத்தைக் கட்டிக்காக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த உழவர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் வீட்டு வேலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே, உட்கார இடமிருந்தும் நின்றே சிரிக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்!

மூத்தவருக்கே முதல் வணக்கம், அது முறை. அந்த முறையைத்தான் சங்கத்தின் ஒரே விதைப்பு இயந்திரத்துக்கும் வைத்திருந்தோம். மூத்த உறுப்பினர் வயலில் தொடங்கும். கடைசியாகச் சேர்ந்த என் தங்கையின் வயலுக்கு அது வருவதற்குள் மற்ற வயல்களெல்லாம் பச்சை கட்டியிருக்கும்.

விதைப்பு பிந்தினால் வெயிலும் பிந்துமா? பூக்கும் வேளையில் அனலடித்தால் மகரந்தம் கருகும், மணி பிடிக்காது. பால் பிடிக்கும் வேளையில் அடித்தால், மணி நிறையுமுன்னே பயிர் பழுத்துவிடும். வருடந்தோறும் சூம்பிய கோதுமையை அள்ளினாள் என் தங்கை. ஊர் என்ன சொன்னது? விதை சரியில்லை என்றது. உரம் போதாது என்றது. வேலை தெரியாதவள் என்றது!

போன ஆண்டு அறுவடை முடிந்ததும் என்னிடம் வந்தாள். "அண்ணா, இனிமே முடியாது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடறேன்" என்றாள்.

வரிசையைத் திருப்பிப் போடுவோமா என்று சங்கத்தில் கேட்டேன். முதல் வயலுக்குச் சொந்தக்காரர், இதோ மீசையைத் தடவுகிறாரே, என் மாமனார், பொங்கி எழுந்தார். "மாப்பிள்ளை, என் வயலைக் கருக விடப் பாக்கறீங்களா?"

பதில் என் மாமியாரிடமிருந்து வந்தது. "வெயில் வருஷா வருஷம் அந்தப் பொண்ணு வீட்டுக்கேதான் விருந்தாளியா போகணுமா? ஒரு வருஷம் நம்ம வீட்டுக்கும் வரட்டுமே!"

கை தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! மாமியாரை மருமகன் மேடையில் புகழ்வது தினமும் நடக்கிற காரியமா?

வரிசை திரும்பியது. இந்த ஆண்டு கடைசியாக விதைத்த மாமனார், சீக்கிரம் விளையும் ரகமாகப் பார்த்துப் போட்டார். அனல் வீசியபோது நீர் பாய்ச்சிப் பயிரைக் குளிர வைத்தார். விளைச்சல் கொஞ்சம் குறைந்தது, வீறாப்பு குறையவில்லை. தங்கையின் வயலிலோ, வெயில் வந்து சேர்வதற்குள் மணி முற்றிவிட்டது! கதிரைக் கசக்கிக் கையில் கொட்டியவள் அங்கேயே அழுதுவிட்டாள்.

வரும் ஆண்டு கடைசி முறை யாருக்கு? நேற்று சங்கத்தில் கேட்டோம். தங்கை எழுந்தாள்.

"எனக்குப் போடுங்க. விட்டுட்டு ஓடப் பாத்தவ நான்தான். இப்ப பயமில்ல."

அவ்வளவுதான்! "எனக்குப் போடுங்க", "இல்ல, எனக்கு!" என்று அறை முழுக்கக் கைகள். முதலில் உயர்ந்த கை யாருடையது தெரியுமா? வேலை தெரியாதவள் என்று முதலில் சொன்னவருடையது!

வெயிலைத் தடுக்க நம்மால் ஆகாது, உறவுகளே. அதைப் பங்கிட்டுக்கொள்ள ஆகும்! செய்து காட்டிய உங்களுக்கு என் நன்றி, என் மகிழ்ச்சி, என் வணக்கம்!