நான்கு குரல் டேப்

ராத்திரி பதினொன்று நாற்பது. சேத்துப்பட்டிலிருந்து ஆரணிக்கு வருகிற சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், உரக்கச் சொல்கிற விஷயம் இல்லை இது. நம் ஜீவானந்தத்தின் சித்தப்பா மகன் தென்னரசுக்கு நடந்தது.

தென்னரசும் பாலமுருகனும் ஆரணியில் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற கடை வைத்திருக்கிறார்கள். அன்றைக்குத் தென்னரசு மட்டும் போனது சேத்துப்பட்டுத் தமிழ்ச்செல்வி அக்கா வீட்டுக்கு. அவருடைய அப்பா, காலமான ஜெயச்சந்திரன், டேப் சுற்றிப் பதிகிற இரண்டு ஸ்பூல் மெஷின்களை வைத்து வித்தை காட்டியவர். மனைவி அபிதகுசாம்பாள் பாடுவதை ஒன்றில் பதிவார். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே மனைவி மறுபடி பாட, இரண்டையும் சேர்த்து அடுத்த மெஷினில் பதிவார். இப்படியே ஒரே தொண்டையில் நான்கு பேர். ஒவ்வொரு நகலிலும் பழைய குரல் ஒரு படி மங்கும். அடியில் மங்கிக் கிடப்பதுதான் முதலில் பதிந்தது. இதை நினைவில் வையுங்கள்.

எண்பத்து மூன்றில் பதிந்த டேப். பிள்ளை பெற்ற பத்தாம் நாள் அபிதகுசாம்பாள் போய்விட்டார்.

"நாலு குரலும் ஒன்னுமேல ஒன்னு ஏறிக் கெடக்குது தம்பி," என்றார் தமிழ்ச்செல்வி. "அம்மா தனியா பாடற மாதிரி ஒன்னே ஒன்னு எடுத்துக் குடு. போதும்."

தென்னரசு பாட்டை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டான். டேப்பை அக்கா பீரோவில் வைத்துப் பூட்டினார். கரண்ட் போய்ப் போய் வந்ததில் நேரமாகிவிட்டது.

பாதி வழியில் பைக் செயின் கழன்றது. கடக்... கடக்... தூரத்தில் ஒரு நாய் மூன்று தரம் குரைத்து, சட்டென்று நிறுத்தியது. அப்போதுதான் அந்த நெடி. புளித்த காடி மாதிரி, பழைய டேப்பின் நெடி. டேப்தான் சேத்துப்பட்டிலேயே இருக்கிறதே...

போனை எடுத்தான். "பாலா, செயின் கழண்டுகிச்சுடா, ஜல்தி வா. தமிழ்ச்செல்வி அக்கா பாட்டு லேப்டாப்ல இருக்குது."

பாலமுருகன் வந்தான். "செயின் மாட்டத் தெரியாதவன்லாம் சவுண்டு இன்ஜினியரு." நெடி போய்விட்டிருந்தது. லேப்டாப்பைக் கடையில் வைத்துவிட்டுத் தென்னரசு வீட்டுக்குப் போனான். சாவி பாலமுருகனிடம்.

மறுநாள் சாயங்காலம், தெருவில் விசைத்தறிகள் ஓய்ந்த பிறகு, குரல்களைப் பிரிக்க உட்கார்ந்தான். ஒன்று வந்தது. இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் அபிதகுசாம்பாள்.

ஐந்தாவதும் வந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில், இரைச்சலுக்குள். கடக்... கடக்... நாய், மூன்று தரம். பிறகு தென்னரசின் குரல். "பாலா, செயின் கழண்டுகிச்சுடா..."

ஹெட்போனைக் கழற்றினான். "போன்ல பேசுனத ரெகார்டு பண்ணி உள்ள சொருகிட்டியா?"

"எனக்கு அவ்ளோ மூளை இருந்தா உன்கூட ஏன்டா கடை போடறேன்?" பாலமுருகன் சிரித்தான். அந்தச் சிரிப்பு தென்னரசுக்குப் பிடிக்கவில்லை.

"சாவி உன்கிட்டதான இருந்துச்சு. செத்தவங்க குரலுடா. அந்தக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"சத்தியமா நான் தொடல."

நம்பவில்லை. நாய் குரைத்தபோது இன்னும் போனே போட்டிருக்கவில்லை என்பதும் அவனுக்குத் தோன்றவில்லை. விடிந்ததும் சேத்துப்பட்டுக்குக் கிளம்பினான். அசல் டேப் சுத்தமாகத்தான் இருக்கும், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், பாலமுருகனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்...

அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தார். அதே காடி நெடி. ஜெயச்சந்திரனின் மெஷினிலேயே டேப்பை மாட்டி, ஹெட்போனை வைத்து, அடியில் என்ன இருக்கிறதென்று மட்டும் காது கொடுத்தான்.

கடக்... கடக்...

நாய். மூன்று தரம்.

"...ஜல்தி வா. தமிழ்ச்செல்வி அக்கா பாட்டு..."

இரைச்சலின் ஆழத்தில். மற்ற நான்கையும்விட மங்கலாக. அப்படியென்றால் முதலில் பதிந்தது அது.

"ஏன் தம்பி இப்படி வேர்க்குது?" என்றார் தமிழ்ச்செல்வி. "பேச்சு எதனா கேக்குதா?"

தென்னரசு மெஷினை நிறுத்தினான்.

"அம்மாவுக்கும் கேட்டுச்சாம். அப்பா சொல்வாரு. நான் வயித்துல இருக்கறப்போ, பாடிகினே இருந்தவங்க ஹெட்போன கழட்டிட்டாங்களாம். அடியில யாரோ ஒரு பையன் ஒரு பேரு சொல்றான், பொண்ணு பொறந்தா அதையே வைங்கன்னாங்களாம்."